லண்டன் மேசையில் பேனாவும் மவுஸும்

1970களில் லண்டனின் சோஹோ, கோவென்ட் கார்டன் பகுதிகளில் இருந்த எந்த வடிவமைப்புக் கூடத்துக்குப் போயிருந்தாலும் மேசைமேல் கிடந்த சாமான்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும். ஒரே கனத்தில் கோடு இழுக்க ரோட்ரிங் பேனா. காகிதத்தைச் சீவி எடுக்க ஷெஃபீல்டு நகரத்து ஸ்வான்-மார்ட்டன் கத்தி. அறுவைச் சிகிச்சைக்குப் போகும் அதே கத்தி. ஒட்டுவதற்கு ‘கௌ கம்’ என்ற ரப்பர் பசை. தலைப்புகளுக்கு லெட்ராசெட் தாள். 1959-இல் லண்டனில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் 1961-இல் கொண்டுவந்த உலர் எழுத்துத் தாளைக் காகிதத்தின்மேல் வைத்துத் தேய்த்தால், எழுத்து அப்படியே கீழே இறங்கி ஒட்டிக்கொள்ளும். சென்னை விளம்பர நிறுவனங்களில் வேலை பார்த்த லே-அவுட் ஆர்ட்டிஸ்டுகளுக்கும் ரோட்ரிங்கும் லெட்ராசெட்டும் பழகிய பெயர்கள்தான்.

இவற்றில் ஒவ்வொன்றையும் கை ஒவ்வொரு விதமாகப் பிடித்தது. மைப்பேனாவை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். கத்தியைச் சாய்த்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஏர்பிரஷை விரல் நுனியால் அழுத்தியும் தளர்த்தியும் ஆள வேண்டும். கணினி வந்து இத்தனை வேலைகளையும் ஒரே கருவியின் வழியே செய்யச் சொன்னது. அந்த ஒரு கருவி எது என்பதில்தான் பிறகு நாற்பது ஆண்டு இழுபறி நடந்தது.

முதலில் மவுஸ், நுட்பம் வளர்ந்தபின் பேனா என்றுதான் பலரும் இந்தக் கதையை நினைத்திருக்கிறார்கள். லண்டனில் நடந்தது வேறு. அங்கே தொலைக்காட்சிக் கூடங்களுக்குள் பேனா முதலில் வந்தது. மலிவான மவுஸ் பின்னால் வந்து அதை ஓரங்கட்டியது. அதன் பிறகு பேனா மறுபடி மேசைக்கு ஏறியது. இந்தத் திருப்பங்களில் பெரும்பாலானவற்றில் வரைகிறவரின் கையை யாரும் கேட்கவில்லை. பணமும் நீதிமன்றமும் தொழிற்சங்கப் போராட்டமும் சட்டப் புத்தகமும்தான் முடிவு செய்தன.

பிரிட்டனில் இந்தக் கைக்கருவிகளின் வேர் ஓவியர்களிடம் இல்லை, கடற்படையில் இருக்கிறது. ரால்ஃப் பெஞ்சமின் 1922-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-இல் அகதியாக இங்கிலாந்து வந்தார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் படித்து, 1944-இல் கடற்படையின் அறிவியல் பிரிவில் சேர்ந்தார். ரேடார் திரையில் விமானம் தெரியும் இடத்தைக் குறிக்க அப்போது ஜாய்ஸ்டிக்கைத்தான் பயன்படுத்தினார்கள். அது அவருக்குப் போதவில்லை. 1946-இல் ஓர் உலோக உருண்டையை, ரப்பர் பூசிய இரண்டு சக்கரங்களின்மேல் உருளவிட்டுக் குறியை நகர்த்தும் கருவியை அமைத்தார். மறு ஆண்டு காப்புரிமையும் பெற்றார். இன்று டிராக்பால் என்று கடையில் விற்பதன் மூதாதை அதுதான். ராணுவ ரகசியமாகவே வைக்கப்பட்டதால் அது முன்மாதிரி நிலையைத் தாண்டவில்லை. என்றாலும், கையில் இருக்கும் கருவி வேலைக்குப் பொருந்தவில்லை என்று உணர்ந்து வேறொன்றைத் தேடிய முதல் ஆட்களில் அவரைச் சேர்க்க வேண்டும்.

படம் வரைவதற்கென்று கணினியைக் கையோடு இணைத்த வேலை அமெரிக்காவில் நடந்தது. 1963-இல் ஐவன் சதர்லாந்தின் ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில் ஒளிப்பேனாவைத் திரைமேலேயே வைத்துக் கோடு போட முடிந்தது. நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் நெடுநேரம் கையைத் தூக்கி வரைந்தால் தோள் வலிக்கும். 1964-இல் ராண்ட் நிறுவனம் பேனாவைத் திரையிலிருந்து மேசைக்கு இறக்கி, தட்டையான ஒரு பலகையின்மேல் வரையவைத்தது. பின்னால் வந்த பலகைகளுக்கெல்லாம் அமைப்பு அங்கேயே உருவாகிவிட்டது.

லண்டன் கலையுலகம் கணினியைப் பெரிய அளவில் கண்டது 1968-இல். ஜாசியா ரைஹார்ட் பொறுப்பேற்று நடத்திய ‘சைபர்னெட்டிக் செரண்டிபிட்டி’ கண்காட்சி, ஆகஸ்ட் 2 முதல் அக்டோபர் 20 வரை, மால் சாலையிலுள்ள சமகாலக் கலை நிறுவனத்தில் நடந்தது. அதே காலத்தில் ஆலன் சட்கிளிஃப், ஜார்ஜ் மாலன், ஜான் லான்ஸ்டவுன் மூவரும் கணினிக் கலைக் கழகத்தை உருவாக்கினார்கள். 1969-இல் ராயல் கலைக் கல்லூரியில் ‘ஈவென்ட் ஒன்’ என்ற பெயரில் கழகம் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. லண்டன் பல்கலைக் கல்லூரியின் ஸ்லேடு ஓவியப் பள்ளி, 1970களின் நடுவில் ஒரு டேட்டா ஜெனரல் நோவா கணினியை வாங்கித் தன் சோதனைப் பிரிவில் வைத்தது. இந்த இடங்களிலெல்லாம் ஓவியர் நிரல் எழுதினார். பிளாட்டர் இயந்திரம் பேனாவைப் பிடித்துக் கோடு போட்டது. சிந்தனைக்கு அது மிக வளமான காலம். ஆனால் பயிற்சி பெற்ற கைக்கு அங்கே வேலை இல்லை.

கைக்கு வேலை தந்தது தொலைக்காட்சி. லண்டனுக்கு மேற்கே சுமார் அறுபது மைல் தொலைவில் நியூபரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1973-இல் தொடங்கிய குவான்டெல் நிறுவனம், தொலைக்காட்சிப் படத்தை எண்களாக மாற்றிச் சேமிக்கும் கருவிகளைச் செய்துவந்தது. 1981-இல் அது ‘பெயின்ட்பாக்ஸ்’ என்ற இயந்திரத்தை வெளியிட்டது. நிலைப்பேழை அளவு மின்னணுச் சாமான்கள் வேறெங்கோ குளிரறையில் இருக்கும். வரைகிறவர் முன்னால் ஒரு திரை, ஒரு பலகை, அழுத்தத்தை உணரும் ஒரு பேனா. அவ்வளவுதான்.

அந்தப் பேனாவின் நடத்தையைக் கவனித்தால், அதைச் செய்த பொறியாளர்கள் ஓவியர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரியும். மெல்ல அழுத்தினால் வண்ணம் மெல்லியதாகப் படியும், அழுத்தம் கூடினால் அடர்ந்து படியும். திரையில் பொத்தான்கள் நிரந்தரமாக அடைத்துக்கொண்டிருக்காது. பேனாவைப் பலகையின் ஓரத்துக்கு வெளியே வீசி எடுத்தால் பட்டியல் மேலெழும், வேலை முடிந்ததும் மறையும். அந்தப் பட்டியலில் இருந்த சொற்களும் ஓவியர் அறையின் சொற்கள்தான்: பெயின்ட், ஏர்பிரஷ், ஸ்டென்சில். வண்ணத்தை எண் கொடுத்துக் கேட்க வேண்டாம். தட்டில் குழைப்பதுபோலத் திரையிலேயே இரண்டைக் கலந்து மூன்றாவதை எடுக்கலாம். கத்தியின் வேலையை ஸ்டென்சிலும், பசையின் வேலையை ஒட்டும் கட்டளையும் எடுத்துக்கொண்டன. இத்தனைக்கும் ஒரே பிடி.

ஒரு கஷ்டம் இருந்தது. கை மேசையில், கண் திரையில். தட்டச்சு கற்றவர் விசையைப் பார்க்காமல் அடிப்பதுபோல, வரைகிறவர் தன் கையைப் பார்க்காமல் வரையப் பழக வேண்டும். கலைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் தாளைப் பார்த்தே வரைந்தவர்களுக்கு அது உடனே வந்துவிடுவதில்லை. வந்தபின் மறப்பதும் இல்லை.

செய்திப் பிரிவுகளுக்கு இந்த இயந்திரம் பெரிய வரம். அதற்கு முன் ஒரு வரைபடமோ தலைப்போ தேவையென்றால் அட்டையில் ஒட்டி, கேமராவுக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. பிபிசி வானிலை அறிக்கையில் காந்தம் ஒட்டிய மேகங்களையும் சூரியனையும் பலகையில் நகர்த்திக் காட்டியது 1985 பிப்ரவரி வரை நீடித்தது. கணினியில் வரைந்தால் மாலைச் செய்திக்குச் சற்று முன்பு கிடைத்த தகவலும் படமாகிவிடும்.

சோஹோவின் படத்தொகுப்புக் கூடங்கள் இதை வேறு திசைக்குக் கொண்டுபோயின. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் ‘மணி ஃபார் நத்திங்’ பாடலுக்கு ஸ்டீவ் பேரன் 1985-இல் இயக்கிய காணொளியை, லண்டனின் ரஷஸ் கூடத்தில் இயன் பியர்சனும் கவின் பிளேரும் உருவாக்கினார்கள். கட்டைப் பொம்மைபோன்ற மனிதர்கள் பாஷ் நிறுவனத்துக் கணினியில் பிறந்தவர்கள். இசைக் குழுவின் கிட்டாரும் உடைகளும் பளிச்சென்று எரிவதற்குக் காரணம், பெயின்ட்பாக்ஸ் பேனாவால் நிஜப் படத்தின்மேல் தீட்டிய நிறம். ஒரே காணொளியில் எண்களால் கட்டிய உருவமும் கையால் தீட்டிய கோடும் அருகருகே நிற்பதால், 1980களின் லண்டனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

1987-இல் பிபிசி ‘பெயின்டிங் வித் லைட்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. டேவிட் ஹாக்னி, ஹோவர்ட் ஹாட்ஜ்கின், ரிச்சர்ட் ஹாமில்டன், சிட்னி நோலன், லாரி ரிவர்ஸ், ஜெனிஃபர் பார்ட்லெட் என்று ஆறு ஓவியர்களைத் தனித்தனியே பெயின்ட்பாக்ஸ் முன்னால் உட்காரவைத்து, அவர்கள் வரைவதை அப்படியே படமாக்கினார்கள். ஆறு பேரில் ஹாக்னிதான் அந்தக் கருவியின் இயல்பை உடனே பிடித்துக்கொண்டார். தாளில் ஈர வண்ணத்தின்மேல் வண்ணம் ஏற்றினால் சேறாகும்; உலரக் காத்திருக்க வேண்டும். திரையில் காத்திருப்பு இல்லை, கலங்கலும் இல்லை, பின்னாலிருந்து வெளிச்சம் வேறு. சிவப்பின்மேல் நீலம் எத்தனை முறை போனாலும் சுத்தமாக நிற்கும். அவருடைய அன்றைய கோடுகளில் தெரியும் வேகம் இதனால் வந்தது. முப்பது ஆண்டுக்குப் பின் லண்டன் அதன் பலனைப் பார்க்கப் போகிறது.

ஆனால் பெயின்ட்பாக்ஸின் விலை ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டியது. புத்தக அட்டை, சுவரொட்டி, இதழ்ப் பக்கம் என்று வாழ்ந்த சாதாரண வடிவமைப்பாளர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கூடத்தில், அதற்கென்றே பழகிய ஒருவரின் பின்னால் நின்று ‘இன்னும் கொஞ்சம் இடது பக்கம்’ என்று சொல்வதே அவருக்கு வாய்த்தது. மலிவாகச் செய்ய முயன்றவர்களும் இருந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஸ்பேஸ்வர்ட் நிறுவனம் குறைந்த விலையில் ஒத்த இயந்திரத்தைக் கொண்டுவந்தது. குவான்டெல் வழக்குப் போட்டது; லண்டனில் நடந்த காப்புரிமை வழக்கில் குவான்டெல் வென்றது. விளிம்பு மென்மையாகக் கலந்து படியும் மின்னணுத் தூரிகை, சட்டப்படி ஒரு நிறுவனத்தின் சொத்தாகிவிட்டது. 1997-இல் அதே குவான்டெல் அமெரிக்காவின் டெலவேரில் அடோபியோடு மோதியபோது நிலைமை தலைகீழானது. 1973-இலேயே ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் செய்த ‘சூப்பர்பெயின்ட்’ இதையெல்லாம் காட்டிவிட்டது என்று ஆல்வி ரே ஸ்மித் சாட்சி சொன்னார். காப்புரிமைகள் செல்லாதவை என்று முடிவானது. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்ல பேனா லண்டனின் சின்னக் கூடங்களுக்கு எட்டாமலே போனதில் இந்த வழக்குகளுக்கும் பங்குண்டு.

அந்த வெற்றிடத்தில் நுழைந்தது மவுஸ்.

டக்ளஸ் எங்கல்பார்ட்டும் பில் இங்கிலிஷும் 1964-இல் மரக்கட்டையில் செய்த மவுஸ், எழுத்துக்கு நடுவே குறியை வைப்பதற்காகப் பிறந்தது. ஓவியத்தை மனத்தில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை. 1984 ஜனவரியில் வந்த ஆப்பிள் மேகிண்டோஷ் பெட்டிக்குள் ஒற்றைப் பொத்தான் மவுஸும் சேர்ந்தே வந்தது. தனியாகத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை; பெட்டியைப் பிரித்தால் கருவி கையில். 1985-இல் பேஜ்மேக்கர், 1987-இல் இல்லஸ்ட்ரேட்டர், 1990-இல் ஃபோட்டோஷாப் என்று நிரல்கள் அடுத்தடுத்து வந்தபோது, மணிக்கட்டுக்குக் கீழே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது அந்தச் சின்னப் பெட்டிதான்.

பேனாவுக்கும் மவுஸுக்கும் உள்ள வேறுபாடு அழுத்தத்தோடு முடிவதில்லை. பலகையில் ஒவ்வோர் இடத்துக்கும் திரையில் ஓர் இடம் உண்டு. இடது மேல்மூலையைத் தொட்டால் குறி இடது மேல்மூலைக்குப் போகும். மவுஸுக்கு இடம் கிடையாது, நகர்வு மட்டுமே உண்டு. தூக்கி வேறிடத்தில் வைத்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் கோடும் சாயும். மவுஸால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வியப்பு என்னவென்றால், இல்லஸ்ட்ரேட்டரில் ‘பேனா’ என்று பெயர் வைத்த கருவிக்கு மவுஸே பொருத்தமாக அமைந்தது. ரெனோ கார் நிறுவனத்துப் பொறியாளர் பியர் பெசியே பரப்பிய வளைகோட்டு முறை அது. கோட்டை இழுக்க வேண்டாம். புள்ளிகளை வைத்து, பிடிகளை இழுத்து வளைவைச் சரிசெய்தால் போதும். வரைவது நின்று, கட்டுவது தொடங்கியது.

லண்டனின் அச்சு வடிவமைப்பில் இந்த மாற்றத்தை நெவில் பிராடியின் வேலையில் பார்க்கலாம். 1981 முதல் 1986 வரை ‘தி ஃபேஸ்’ இதழின் கலை இயக்குநராக இருந்தபோது அவர் தலைப்பெழுத்துகளைக் கையாலேயே வரைந்தார். பிற்பாடு ‘இண்டஸ்ட்ரியா’ என்று விற்பனைக்கு வந்த எழுத்துரு, 1984-இல் அந்த இதழுக்காக வரைந்தது. பார்த்தால் இயந்திரம் செய்ததுபோல இருக்கும், ஆனால் கை செய்தது. கணினிக்கு அவர் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் மாறினார். 1991-இல் ஜான் வோசென்கிராஃப்ட்டோடு ‘ஃபியூஸ்’ என்ற எழுத்துருச் சோதனை இதழைத் தொடங்கியபோது எல்லாமே கணினியில். இன்னொரு பக்கம் ஆலன் கிச்சிங், 1989-இல் கிளெர்கன்வெல்லில் தன் அச்சுப் பட்டறையைத் திறந்து, மர எழுத்தையும் ஈய எழுத்தையும் கோத்துக் கற்றுக்கொடுத்தார். ஊரே மேகிண்டோஷுக்கு மாறிய நேரத்தில் மாணவர்கள் அங்கே தேடிப் போனதைப் பழமைப் பற்று என்று தள்ளிவிட முடியாது. கைக்கு ஏதோ குறைந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கீபோர்டின் கதை இவற்றைவிட ரத்தம் தோய்ந்தது. ஃபிளீட் தெருப் பத்திரிகைகளில் எழுத்துக் கோத்தவர்கள் தொண்ணூறு விசைகள் கொண்ட லினோடைப் இயந்திரத்தை ஆண்டவர்கள். 1986 ஜனவரியில் ரூபர்ட் மர்டாக் தன் நாளிதழ்களை வாப்பிங்குக்கு மாற்றி, செய்தியாளர்களே கணினியில் நேரடியாகத் தட்டும் முறையைக் கொண்டுவந்தார். வேலைநிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஓராண்டுக்கு மேல் போராடியும் அவர்களுக்கு வேலை திரும்பவில்லை.

அதே ஆண்டுகளில் பிரிட்டன் லினோடைப் நிறுவனத்தில் இன்னொரு விசைப்பலகை வேலை சத்தமில்லாமல் நடந்தது, நமக்கு அது நெருக்கமானது. 1978-இல் அங்கே சேர்ந்த ஃபியோனா ராஸ், ‘ஆனந்தபஜார் பத்திரிகா’வுக்கான வங்க எழுத்துரு உட்பட இலத்தீன் அல்லாத எழுத்துகளை 1989 வரை கவனித்துக்கொண்டார், லண்டன் சோயாஸ் கல்லூரியில் வங்க அச்செழுத்து பற்றி முனைவர் பட்டமும் பெற்றார். ஒலிக்குரிய எழுத்துகளை வரிசையாகத் தட்டினால் போதும், கூட்டெழுத்தைக் கணினியே அமைத்துக்கொள்ளும் என்ற முறை அவர் குழுவில் உருப்பெற்றது. 1999-இல் சென்னைத் தமிழிணைய மாநாட்டில் உருவான தமிழ்99 விசைப்பலகையிலும் அடிப்படை எண்ணம் இதுவே: மெய்யையும் உயிரையும் தட்டுகிறோம், உயிர்மெய் தானாக அமைகிறது.

1990களில் மவுஸுக்கான விலையைக் கைகள் கொடுக்கத் தொடங்கின. மணிக்கட்டு வலி, முன்கை மரத்துப்போதல் என்று லண்டன் செய்தி அறைகளிலும் வடிவமைப்புக் கூடங்களிலும் புகார்கள் பெருகின. 1993-இல் லண்டன் உயர் நீதிமன்றம், ராய்ட்டர்ஸ் ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கைத் தள்ளியது. மீள்செயல் காயம் என்ற பெயருக்கு மருத்துவ நூல்களில் இடமே இல்லை என்று நீதிபதி சொன்னது, வலியோடு வேலை செய்துகொண்டிருந்தவர்களைக் கொதிக்கவைத்தது. அதே ஆண்டு ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த கணினித் திரை விதிகள், பணியிடத்தை ஆய்வு செய்யும் கடமையை முதலாளியிடம் வைத்தன. கீபோர்டு திரையிலிருந்து தனியாக, சாய்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அந்த விதிகளின் அட்டவணை சொன்னது. மேசைக்கும் நாற்காலிக்கும் தனித் தலைப்புகள் இருந்தன. நாள் முழுக்க மவுஸைப் பிடித்திருந்த கைகளுக்காக ஒரு தலைப்பும் இல்லை. தட்டச்சு செய்பவரைச் சட்டம் கண்டது, வரைகிறவரைக் காணவில்லை.

பேனா திரும்பி வந்தது ஜப்பான் வழியாக. 1983-இல் தொடங்கிய வாக்கம் நிறுவனம் கம்பியும் பேட்டரியும் இல்லாத பேனாவைச் செய்தது. பலகைக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள் காந்தப் புலத்தை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கும் சுற்று அந்த ஆற்றலையே எடுத்துக்கொண்டு பதில் சைகை தரும். அதிலிருந்து இடமும் அழுத்தமும் தெரியும். எடை குறைந்து, வால்போல இழுபட்ட கம்பி போனதும், பேனா மறுபடி பேனாபோலவே கையில் உட்கார்ந்தது. வலியோடு மவுஸைப் பிடித்திருந்தவர்களில் பலர் முதலில் மணிக்கட்டுக்காகத்தான் இதற்கு மாறினார்கள். கோடு நன்றாக வந்தது அவர்களுக்குக் கிடைத்த உபரி. 2001-இல் வந்த சின்டிக், திரையையே பலகையாக்கிக் கண்ணையும் கையையும் ஒரே இடத்தில் சேர்த்தது. பெயின்ட்பாக்ஸ் விட்டுவைத்த கஷ்டம் இருபது ஆண்டுக்குப் பின் தீர்ந்தது.

ஹாக்னி மறுபடி வருவது இங்கேதான். 2009-இல் ஐஃபோனில் விரலால் வரையத் தொடங்கியவர், 2010-இல் ஐபேடுக்கு மாறினார். 2012-இல் லண்டன் ராயல் அகாடமியில் நடந்த அவருடைய கண்காட்சியில், யார்க்‌ஷயரின் வோல்ட்கேட் சாலையில் வசந்தம் வருவதை ஐபேடில் வரைந்த 51 படங்கள், பெரிய தாள்களில் அச்சாகிச் சுவரை நிறைத்தன. 2018-இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இரண்டாம் எலிசபெத் அரசியின் ஆட்சியைக் கொண்டாட அமைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்துக்கும் அவர் ஐபேடில்தான் வரைந்துகொடுத்தார். ஒளியை வைத்து வரைந்த படம், யார்க் நகரத்துக் கைவினைஞர்கள் வெட்டி ஈயத்தால் கோத்த கண்ணாடியாகி மறுபடி ஒளியின் முன்னால் நிற்கிறது. 1980களில் பெயின்ட்பாக்ஸ் முன்னால் அவர் கற்றது இந்தச் சாளரம்வரை வந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

2021 மே மாதம், நகரத்துக்கு மக்களைத் திரும்ப அழைக்கும் ‘லெட்ஸ் டூ லண்டன்’ இயக்கத்துக்காக, பிக்காடிலி சர்க்கஸ் சுரங்க ரயில் நிலையப் பெயர்ச் சின்னத்தை அவர் ஐபேடில் வரைந்தார். லண்டன் போக்குவரத்தின் எழுத்து, எட்வர்ட் ஜான்ஸ்டன் 1916-இல் அமைத்தது. பட்டைப் பேனாவால் எழுதுவதைத் தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் அவர். 1979-இல் பேங்க்ஸ் அண்ட் மைல்ஸ் கூடத்தில் எய்ச்சி கோனோ அதை மறுபடி கையால் வரைந்து புதுப்பித்தார். அந்தச் சின்னத்தில் ஹாக்னியின் எழுத்துகள் கோணலாக ஓடின. கடைசி எழுத்துக்குப் பட்டையில் இடம் போதாமல் அது கீழே தொங்கியது. குழந்தை கிறுக்கியதுபோல இருக்கிறது என்று பலர் எரிச்சலடைந்தார்கள், சிலர் அதன் கலகலப்பை ரசித்தார்கள். கோணலுக்கு ஐபேடின்மேல் பழி போட்டவர்களும் உண்டு. அந்தப் பழியில் நியாயம் இல்லை. முப்பது ஆண்டுக்கு மேல் முன்பே திரையில் வரையத் தொடங்கிய கை அது. எழுத்தை எங்கே விழவைக்க நினைத்ததோ அங்கேதான் வைத்தது.